அல்பீய் மலையடி ஆலிவ் தோப்புகள்

வான்கோ என்றால் காதை அறுத்துக்கொண்ட கதைதான் எல்லாருக்கும் முதலில் வரும். ஓவிய வாத்தியாராக இருந்த காலமெல்லாம் அந்தக் கதையோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். முறுக்கிக்கொண்டு நிற்கும் ஆலிவ் மரங்கள், பின்னால் நீல மலை, மேலே திரண்ட ஒற்றை வெள்ளை மேகம். அந்தப் படத்தை விரித்தால் போதும், “பித்துப் பிடிச்சு வரைஞ்சதா சார்?” என்று பின்வரிசையில் ஒரு குரல் எழும்.

இல்லவே இல்லை. 1889 மே 8-ல் தெற்குப் பிரான்சின் சான் ரெமியில், பழைய மடாலயம் ஒன்றில் நடந்த மனநல விடுதியில் அவர் தாமாகவே போய்ச் சேர்ந்தார். இந்தப் படம் ஜூனில் வரைந்தது. நோய் மறுபடி தாக்கியது ஜூலையில். அதன்பின் பல வாரம் அவரால் வரையவே முடியவில்லை. செப்டம்பரில் தம்பி தியோவுக்கு எழுதும்போது, இதிலும் ‘விண்மீன் இரவு’ படத்திலும் அமைப்பை மிகைப்படுத்தியிருப்பதாகவும், கோடுகள் பழைய மரச்செதுக்கு அச்சுப்படங்களில் உள்ளதைப் போல முறுக்கியிருப்பதாகவும் அவரே சொல்கிறார். பித்தா அது?

தோப்புக்குள் நின்றுதான் வரைந்தார். அந்த விடுதிக் காலத்து ஆலிவ் படங்கள் பதினைந்துக்குக் குறையாது. கான்சாஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒன்றில், வண்ணத்தோடு வண்ணமாக ஒரு செத்த வெட்டுக்கிளி ஒட்டியிருந்ததை 2017-ல் அறிவித்தார்கள்.

மலையும் கற்பனை அல்ல. அல்பீய் என்ற சுண்ணாம்புக்கல் மலை அது, உச்சி 500 மீட்டரைத் தொடாது. முகட்டில் துளை விழுந்த பாறை இன்றும் இருக்கிறது.

தோப்புகள்தான் தப்பவில்லை. 1956 ஜனவரி இதமாக இருந்ததில் மரங்களுக்குள் சாறு ஏறிவிட்டது. பிப்ரவரியில் திடீரெனக் கடுங்குளிர் இறங்க, அடிமரங்கள் வெடித்தன. அந்தப் பகுதியான புரோவான்ஸின் விவசாயிகள் தோப்பு தோப்பாகத் தரைமட்டத்துக்கு அறுத்துத் தள்ளினார்கள். பலர் வேரோடு பிடுங்கிவிட்டுத் திராட்சைக்கு மாறினார்கள். கட்டையை விட்டுவைத்தவர்களுக்கு, நம்மூர் வேம்பைப் போல, அடியிலிருந்து துளிர் கிளம்பியது. ஒரே அடியில் மூன்று நான்கு தண்டாக இன்று அங்கே நிற்கும் ஆலிவ் மரங்களில் பல, அந்தக் குளிருக்குப் பின் எழுந்தவை.