மூளையும் முதல் மணியும்

பிரிட்டன், நெதர்லாந்து ஆசிரியர்கள் 242 பேரிடம் மூளை பற்றிய சில கூற்றுகளைக் கொடுத்து, சரியா தவறா என்று கேட்ட ஆய்வு 2012இல் வெளியானது. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என மாணவர்களைப் பிரித்து அவரவர் வழியில் பாடம் நடத்தினால் நன்றாகப் படிப்பார்கள் என்பதைப் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் நம்பினர். அதற்குத் தக்க சான்று இல்லையென்று உளவியலாளர் ஹெரால்டு பாஷ்லரின் குழு 2008லேயே எழுதியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், மூளையைப் பற்றி அதிகம் அறிந்த ஆசிரியர்களே இத்தகைய கட்டுக்கதைகளையும் அதிகம் நம்பினார்கள்.

நரம்பணுவிலிருந்து வகுப்பறைக்கு நேரே பாலம் போட முடியாது, நடுவில் அறிதல் உளவியல் வேண்டும் என்று அமெரிக்க அறிஞர் ஜான் புரூயர் 1997இல் வாதிட்டார். அது இன்றும் செல்லும். ‘மூளை சார்ந்த கற்பித்தல்’ என்று விற்கப்படுவதில் உருப்படியானவை பெரும்பாலும் உளவியல் சோதனைகளில் பிறந்தவை. 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடத்திய சோதனையைப் பாருங்கள். ஒரு குழு ஒரே பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொன்று ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினர்: 83க்கு 71 விழுக்காடு. ஒரு வாரத்தில் நிலைமை தலைகீழ்: 40க்கு 61. இதற்கு எந்த ஸ்கேன் எந்திரமும் தேவைப்படவில்லை.

அப்படியானால் மூளையின் உயிரியல் பள்ளிக்குச் சொல்ல எதுவுமே இல்லையா? உண்டு, ஆனால் அது பாடம் நடத்தும் முறையைப் பற்றியதல்ல, கால அட்டவணையைப் பற்றியது.

பருவ வயதில், உடலைத் தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு இரவில் பிந்துகிறது. பிள்ளைகளுக்குத் தூக்கம் தாமதமாக வருவதில் செல்பேசிக்குப் பங்கிருந்தாலும் பழி முழுவதும் அதற்கல்ல. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளின் முதல் மணியை 7.50இலிருந்து 8.45க்குத் தள்ளியது. மணிக்கட்டுக் கருவி கட்டி அளந்ததில், பள்ளி நாள்களில் தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. மதிப்பெண்ணும் சற்று உயர்ந்தது. ஆனால் ஒப்பிடப்பட்டவர்கள் வெவ்வேறு ஆண்டு மாணவர்கள் என்பதால் அந்த உயர்வைத் தூக்கத்தின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. கலிஃபோர்னியாவில் பள்ளி தொடங்கும் நேரத்தைத் தள்ளிவைக்கும் மசோதாவை 2018இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நிராகரித்தார். அடுத்த ஆண்டு சட்டமாகி, 2022இல் நடைமுறைக்கு வந்தது. மாணவர்களைக் கற்றல் பாணி வாரியாகப் பிரிக்கச் சொல்லித்தரும் பயிற்சிப் பட்டறைக்கு ஒரு மதியம் போதும். மணியை மாற்ற வேண்டுமானால் பேருந்து நேரம், விளையாட்டுப் பயிற்சி, பெற்றோரின் வேலை நேரம் எல்லாம் மாற வேண்டும். எது வேகமாகப் பரவும் என்பதில் வியப்பில்லை.

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்போடு இந்த ஆய்வு முடிவுகளை உரசிப் பார்க்கலாம். திருப்புதல் தேர்வுக்கு ரோடிகரின் ஆதரவு கிடைக்கும். ஆனால் அவருடைய சோதனையில் ரேங்க் அட்டை கிடையாது. விடியற்காலைச் சிறப்பு வகுப்புக்கோ, மெலடோனின் ஆய்வுகளில் ஆதரவு தேடுவது கடினம்.