பிறையில் செய்த கார்: பழைய பொம்மையின் விலையும் மதிப்பும்

சென்ற ஆண்டு நான்காம் படிவ மாணவன் ஒருவன் சின்ன உலோகக் கார் ஒன்றை வகுப்புக்குக் கொண்டு வந்தான். "சார், இது 1974ஆம் வருஷத்து ஹாட் வீல்ஸ். பழைய சாமான் சந்தையில 80 வெள்ளிக்கு வாங்கினேன். வித்தா 300 கிடைக்குமாம்" என்றான். அந்த 80 வெள்ளி, அவன் அம்மா ஓவர்டைம் செய்து சேர்த்த காசு. விற்றவர் காட்டிய ஆதாரம் ஒன்றே ஒன்றுதான்: காரின் அடியில் பொறித்திருந்த ஆண்டு. அதற்குப் பக்கத்திலேயே 'மலேசியா' என்றும் பொறித்திருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

இங்கேதான் வரலாற்றுப் பாடம் கைகொடுக்கிறது. மேட்டல் நிறுவனம் 1968இல் 16 கார்களோடு ஹாட் வீல்ஸைத் தொடங்கியது. ஆரம்பகாலக் கார்கள் அமெரிக்காவிலும் ஹாங்காங்கிலும் தயாராயின. பினாங்கின் கதை வேறு. 1969இல் ஜார்ஜ்டவுன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. அதற்கு மாற்றாக 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் உருவானது. தொழிற்சாலைகள் தீவிலும் பெருநிலத்திலும் பெருகின. நம்ம பிறையில் மேட்டல் தொழிற்சாலை வந்தது 1980களில். ஆகவே 'மலேசியா' என்று பொறித்த கார் 1974இல் செய்யப்பட்டிருக்க முடியாது. அடியில் உள்ள ஆண்டு பெரும்பாலும் வடிவமைப்பின் பதிப்புரிமை ஆண்டு. ஒரே அச்சில் பல ஆண்டுகளுக்குக் கார்கள் வார்க்கப்படுகின்றன.

அன்றைக்கு வகுப்பில் நாங்கள் எழுதிய நான்கு கேள்விகள் இவை. எந்தச் சான்றுக்கும் இவை பொருந்தும்.

1. எங்கே, எப்போது செய்யப்பட்டது? பொருளே சொல்லும் செய்தியை முதலில் படிக்க வேண்டும். 2008 முதல் வந்த ஹாட் வீல்ஸ் கார்களின் அடியில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். எழுத்து ஆண்டையும் எண் வாரத்தையும் குறிக்கும். 1977 வரை வந்த பழைய கார்களின் சக்கரங்களில் சிவப்புக் கோடு உண்டு.

2. யாராவது கை வைத்திருக்கிறார்களா? அடியில் உள்ள ரிவெட் ஆணியைத் துளைத்துச் சக்கரத்தை மாற்றலாம், புதுச் சாயம் பூசலாம். ஆணியில் துளைத்த தடம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

3. எத்தனை மிஞ்சியிருக்கின்றன? 1969இல் பீச் பாம் என்ற வோக்ஸ்வாகன் வேனுக்குச் சோதனை மாதிரிகள் செய்தார்கள். அலைச்சறுக்குப் பலகைகளைப் பின்பக்கமாகச் செருகும் அமைப்பு அது. வண்டி குறுகலாக இருந்ததால் தடத்தில் சரியாக ஓடவில்லை. பிறகு அகலப்படுத்திப் பலகைகளைப் பக்கவாட்டில் வைத்துத்தான் கடைக்கு அனுப்பினார்கள். கடைக்கு வராத அந்த மாதிரிகளில் சிலவே மிஞ்சியதால் இன்று அவற்றுக்குப் பெரும் விலை. மாறாக, 1990களில் பீனி பேபி பொம்மைகளை விலை ஏறும் என்று நம்பி ஆளாளுக்கு வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். எல்லாரிடமும் இருந்ததால் விலை சரிந்தது. பழையது எல்லாம் அரியது ஆகிவிடாது.

4. விலையைச் சொல்வது யார்? விற்பவர் கேட்கும் விலை அவருடைய ஆசை. உண்மையில் ஒருவர் காசு கொடுத்து வாங்கிய விலைதான் சான்று. அப்படி நடந்த விற்பனைகள் சிலவற்றையாவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மாணவர்களே, தேர்வில் 'முதன்மைச் சான்று நம்பகமானது' என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடாதீர்கள். அந்தக் கார் முதன்மைச் சான்றுதான். பொய் சொன்னது அதைப் பற்றிய பேச்சு. சான்றையும் அதைப் பற்றிய கூற்றையும் பிரித்துக் காட்டினால் உங்கள் விடை வலுப்பெறும்.

அவனுடைய 80 வெள்ளி திரும்பி வரவில்லை. அதே மாதிரிக் கார் பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கைமாறியதை அவனே தேடிக் கண்டுபிடித்தான். ஆனால் காரை வீட்டில் காட்டியபோது, பாட்டி தான் பிறையில் ஷிப்டு வேலைக்குப் போன காலத்தைப் பேச ஆரம்பித்தாராம். தொழிற்சாலை பஸ், இரவுச் சோறு, முதல் சம்பளம் என்று கதை நீண்டதாம். அதையெல்லாம் எழுதி வரச் சொன்னேன். நான்கு பக்கம் எழுதி வந்தான். அவனுடைய எழுத்தில் நான் படித்ததிலேயே நல்லது அதுதான்.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்து பார்க்கலாம். ஆளுக்கொரு பழைய விளையாட்டுப் பொருள் போதும். பல்லாங்குழிப் பலகையாக இருந்தாலும் சரி. சந்தை விலை ஒரு பத்தி, அந்தப் பொருள் சொல்லும் வரலாறு ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள்.