தோலில் எழுதிய திருமணம் – 4: சாத்தின் இரண்டு பத்திரங்கள்

முக் மலையில் ஆடு மேய்க்கப் போனவர் கையில் 1932இல் ஒரு கூடை கிடைத்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கூடைக்குள் இருந்த எழுத்தை ஊரில் யாராலும் படிக்க முடியவில்லை. மறு ஆண்டே ஆய்வாளர் ஃப்ரைமனின் குழு இன்றைய தஜிகிஸ்தானில் உள்ள அந்த மலைக்கு வந்தது. மலைமேல் இடிந்து கிடந்த கோட்டையிலிருந்து தோலிலும் தாளிலும் மரக்குச்சியிலும் எழுதிய ஆவணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. பெரும்பாலானவை பாரசீகத்தின் உறவு மொழியான சொக்டியனில் இருந்தன. வரவு செலவுக் கணக்குகளும் அரசுக் கடிதங்களுமாக இருந்த அந்தக் குவியலில் ஒரு கல்யாணப் பத்திரமும் கிடந்தது.

ஒரே தோல், இருபுறமும் எழுத்து. சமர்கந்த் மன்னர் தர்கூனின் 10ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 710ஐ ஒட்டிய காலம். மாப்பிள்ளை உத்தெகின். பெண்ணின் பெயர் சாத். அவளுடைய பாதுகாவலர் நவேகத்தின் தலைவர் செர்.

சாத்துக்கு உணவும் உடையும் நகையும் தந்து, அன்போடும் மரியாதையோடும், தன் வீட்டில் அதிகாரமுள்ள இல்லத்தரசியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தெகின் ஒப்புக்கொண்ட முதல் நிபந்தனை. அவள் சம்மதமில்லாமல் வேறு மனைவியோ ஆசைநாயகியோ சேர்த்தால், சாத்துக்கு 30 திர்ஹம் தண்டம் கட்ட வேண்டும். அந்தப் பெண்ணையும் அனுப்பிவிட வேண்டும். அவன் அடிமையாகவோ பிணையாகவோ யாரிடமாவது சிக்கினால், அந்தச் சுமை சாத்தையும் அவள் பிள்ளைகளையும் தொடக்கூடாது.

அடுத்த வரிக்கு வரும்போதெல்லாம் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன். வாழப் பிடிக்கவில்லை என்றால் சாத்தே விலகிப் போகலாம்! கணவன் தந்த துணிமணி, நகைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் சொத்தை எடுத்துக்கொண்டு, மனதுக்குப் பிடித்த இன்னொருவரை மணக்கலாம். 1,300 ஆண்டுகளுக்கு முன், சாட்சிகளை வைத்துக்கொண்டு எழுதிய வாசகம் இது. ஒரு பெண் கெஞ்சாமல் வாசலைத் தாண்டுவதற்கு அந்தச் சமூகம் எழுத்திலேயே வழி விட்டிருந்தது.

இரண்டாவது பத்திரம், பாதுகாவலர் செர் பெயருக்கு உத்தெகின் எழுதிக்கொடுத்த உறுதிமொழி. சாத்தை விற்கமாட்டேன், அடகு வைக்கமாட்டேன் என்று மித்ரா தெய்வத்தின் மீது ஆணையிடுகிறான். மணவாழ்வு முறிந்தால் அவளைப் பத்திரமாகச் செரிடம் ஒப்படைக்க வேண்டும்; தவறினால் 100 திர்ஹம்.

இங்கேதான் முடிச்சு. முதல் பத்திரம் மனைவியின் உரிமை. அது சாத்திடம் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது, செரின் கையில் இருக்க வேண்டியது. இரண்டும் ஒரே மலைக்கோட்டைக்கு எப்படி வந்து சேர்ந்தன? பஞ்சிகந்த் அரசர் தேவாஷ்திச் கி.பி. 722இல் அரபுப் படைக்குத் தப்பி ஓடி ஒளிந்த கோட்டை அது. அவரோடு போன கூட்டத்தில் சாத்தும் மலை ஏறிப் போனாளா?

அதே கோட்டையில் ஒரே ஒரு அரபுக் கடிதமும் கிடைத்தது. எழுதியவர் தேவாஷ்திச். பெற வேண்டியவர் அரபு ஆளுநர் அல்-ஜர்ராஹ். கடிதம் பேசுவது இரண்டு பிள்ளைகளைப் பற்றி. அவர்களின் தந்தை, சாத்தின் கல்யாணப் பத்திரத்தில் ஆட்சியாண்டாக நிற்கும் அதே தர்கூன்!

(அடுத்த வாரம்: தர்கூனின் மகன்கள்)