இருளின் இளவரசரும் ஒரு தளர்ந்த ஒயரும்

பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்களில் பற்றுக்கொண்டவர்கள் கூடும் இடங்களில் ஒரு பட்டப்பெயர் தவறாமல் அடிபடும்: 'இருளின் இளவரசர்'. பர்மிங்ஹாமில் விளக்கு வியாபாரியாகத் தொழில் தொடங்கிய ஜோசப் லூகாஸுக்குப் பின்னாளில் சூட்டப்பட்ட பட்டம் அது. லூகாஸ் நிறுவனத்து விளக்குச் சுவிட்சுக்கு மூன்றே நிலைகள் உண்டு, அவை மங்கல், மினுக்கல், அணைதல் என்பது அவர்களிடையே வழங்கும் வேடிக்கை. கேட்டுச் சிரிக்கலாம். ஆயினும் இதில் ஓர் அநீதி இருக்கிறது. லூகாஸ் காலமான ஆண்டு 1902. அவர் விற்றவை எண்ணெய் விளக்குகள். அவர் பெயரைக் கெடுத்த கோளாறு அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழித்தே பெருவழக்காயிற்று.

நம் ஊர்ப் பட்டறைகளில் அக்கோளாற்றை 'லூஸ் கான்டாக்ட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே உயிர் விடும். ஓரங்கட்டி இறங்கி ஒரு உதை உதைத்தால் ஒன்றுமே நடவாதது போலக் கிளம்பும். பட்டறை வாசலில் நின்றால் சாதுவாக ஓடும். முற்றிலும் பழுதான பொருளைக் கண்டுபிடிப்பது எளிது. அது பழுதாகவே காத்திருக்கும். விட்டுவிட்டு வரும் கோளாறு காத்திருப்பதில்லை. இது மோட்டார் சைக்கிளோடு கூடப் பிறந்த நோயன்று. அதற்கென்று ஒரு வரலாறு உண்டு. பொறிக்கான மின்சாரமும் விளக்குக்கான மின்சாரமும் ஒரே ஊற்றிலிருந்து வரத் தொடங்கிய நாளிலிருந்துதான் இந்நோய் வண்டியையே நிறுத்துமளவு வளர்ந்தது என்பது என் எண்ணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த வண்டிகள் பலவற்றில் பேட்டரியும் காயிலும் இருந்தன. ஆனால் பேட்டரிக்கு மின்னூட்ட வண்டியில் எதுவும் இல்லை. தீர்ந்தால் தீர்ந்ததுதான். இந்தச் சிறுமையைப் போக்கியது மாக்னெட்டோ. 1902இல் ஷ்டுட்கார்ட் நகரத்து போஷ் பட்டறையில் காட்லோப் ஹோனால்ட் என்ற பொறியாளர் உயரழுத்த மாக்னெட்டோவை உருவாக்கினார். லூகாஸ் மறைந்ததும் அதே ஆண்டில்தான் என்பது தற்செயல். காந்தத்தின் இடையே சுருள் சுழலும். சுழற்சியே மின்சாரம் தரும். அது நேரே பிளக்குக்குப் போகும். பேட்டரி வேண்டாம், சுவிட்சு வேண்டாம், நீண்ட ஒயர் வேண்டாம். முன்விளக்கோ கார்பைடில் சொட்டும் நீர் உண்டாக்கிய அசிட்டிலின் வாயுவில் எரிந்தது. விளக்கு அணைந்தால் இருட்டில் போகவேண்டியதுதான். ஆனால் வண்டி போகும்.

1914இல் போர் மூண்டபோது பிரிட்டன் தன் மாக்னெட்டோக்களில் பெரும்பகுதியை ஜெர்மனியிடமிருந்தே வாங்கிக்கொண்டிருந்தது. எதிரியிடம் பொறி கேட்க முடியாது. அவ்வாண்டே லூகாஸ் நிறுவனம் பர்மிங்ஹாமின் தாம்சன்-பென்னெட் என்னும் மாக்னெட்டோ நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. விளக்குக் கம்பெனி பொறிக் கம்பெனியும் ஆனது இப்படித்தான். போருக்குப் பின் மாக்னெட்டோவின் முதுகில் ஒரு டைனமோவை ஏற்றிக் கட்டி 'மேக்டைனோ' என்று விற்றார்கள். ஒரே கூட்டில் இரண்டு குடித்தனங்கள், ஆனால் அடுப்பு தனித்தனி. டைனமோ செத்தாலும் மாக்னெட்டோ தன் வேலையைப் பார்த்தது. டைனமோவைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் பகலில் வண்டியோட்டியவர்களும் உண்டு.

அடுப்பு ஒன்றானது 1950களில். டிரையம்ஃப் நிறுவனம் 1953இல் தன் ஸ்பீடு ட்வின் வண்டியில் லூகாஸின் ஆல்டர்னேட்டரைப் பொருத்தி, மாக்னெட்டோவை நீக்கிக் காயிலைக் கொண்டுவந்தது. செலவு குறைவு, தேயும் பாகம் குறைவு, குளிர்காலத்தில் எளிதாகக் கிளம்பும். காரணங்கள் எல்லாம் நியாயமானவையே. ஆனால் இனிப் பொறிக்கான மின்சாரம் பேட்டரியில் தொடங்கி, ஃபியூஸ் இருந்தால் அதன் வழியும், ஆம்மீட்டர் வழியும், சாவிச் சுவிட்சு வழியும் சுற்றிக்கொண்டு காயிலை அடைய வேண்டும். முன்பு விளக்கை மட்டும் அணைத்த தளர்ந்த ஒயர் இப்போது எஞ்சினையும் அணைத்தது. இதை வடிவமைத்தவர்களும் உணர்ந்தே இருந்தார்கள் போலும். அந்நாளைய சாவிச் சுவிட்சில் 'அவசரம்' என்று ஒரு நிலை வைத்து, பேட்டரி இறங்கிய வேளையில் ஆல்டர்னேட்டரின் மின்சாரம் நேராகக் காயிலுக்குப் போக வழி செய்திருந்தனர்.

இதனோடு இன்னொன்றும் சேர்ந்தது. மின்சாரம் போவதற்கு ஒயர் இருக்கும். திரும்பி வருவதற்குத் தனி ஒயர் இராது. வண்டியின் இரும்புச் சட்டமே திரும்பும் பாதை. 'எர்த்' என்று நாம் சொல்வது அதைத்தான். எனவே வண்ணம் பூசிய ஒவ்வொரு பரப்பும், துருவேறிய ஒவ்வொரு போல்ட்டும் மின்சுற்றின் உறுப்பாகிவிடுகிறது. இவற்றைக் குலுக்கிக்கொண்டே இருந்தது எஞ்சின். அக்கால ஆங்கிலேய இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இரு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அதிர்வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரு உலோகப் பரப்புகள் ஒட்டியிருப்பதாக நாம் காணும் இடத்தில் உண்மையில் அவை சில நுண்ணிய புள்ளிகளில் மட்டுமே தொடுகின்றன. அதிர்வில் அப்புள்ளிகள் உரசி உரசித் தூளாகின்றன, தூள் துருவாகிறது, துரு மின்சாரத்தைத் தடுக்கிறது. அடுத்த குலுக்கலில் புதிய புள்ளிகள் தொட்டு வழி மீண்டும் திறக்கிறது. பட்டறைக்கு வருவதற்குள் கோளாறு மறைந்துவிடும் மாயம் இதுதான்.

ஆறு வோல்ட் வண்டிகள் இதனால் அதிகம் துன்புற்றன. கணக்கு எளியது. 24 வாட் விளக்கு எரிய 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் 2 போதும். வழியில் ஓர் இணைப்பில் கால் ஓம் அளவு துருத் தடை இருப்பதாகக் கொள்வோம். முன்னதில் ஏறத்தாழ ஒரு வோல்ட், அதாவது ஆறில் ஒரு பங்கு, அங்கேயே பறிபோகும். பின்னதில் அரை வோல்ட். இருபத்து நான்கில் ஒரு பங்கு. மங்கலுக்கும் மினுக்கலுக்கும் லூகாஸை மட்டும் ஏசுவது எவ்வளவு பொருந்தும் என்று வாசகர்களே சொல்லட்டும். மலிவான ஒயரிங் கேட்டவர்கள் வண்டி உற்பத்தியாளர்கள். அதிரும் எஞ்சினும் அவர்களுடையதே.

இக்கதையில் சென்னைக்கும் பங்குண்டு. 1955இல் இங்கே என்ஃபீல்ட் இந்தியா தொடங்கப்பட்டு, பின்னர் திருவொற்றியூரில் புல்லட் உருவாகலாயிற்று. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்ட் உற்பத்தி நின்ற பின்னும் ஐம்பதுகளின் ஆங்கிலேய மின்னமைப்பு நம் தெருக்களில் பல்லாண்டு ஓடியது. புல்லட்டின் விளக்குத் தலையில், ஸ்பீடாமீட்டருக்கு அருகே, ஓர் ஆம்மீட்டர் இருக்கும். பலர் அதை அலங்காரமாகக் கருதினர். தெரிந்த மெக்கானிக்கு அது நாடி.

வண்டி நடுவழியில் நின்றால் அவர் முதலில் ஒயரைத் தொடமாட்டார். சாவியைப் போட்டு, பாயிண்ட் மூடும்வரை கிக்கரை மெல்ல அழுத்துவார். முள் சற்றே இடப்புறம், செலவுப் பக்கம், சாய்ந்தால் காயில் வரை மின்சாரம் வருகிறது. பழுது அதற்கு அப்பால். முள் அசையாமல் நடுவிலேயே நின்றால் வழியில் எங்கோ அறுபட்டிருக்கிறது. கோடிக்கு ஓடி முட்டிக்கொண்டால் ஏதோ ஓர் ஒயர் தோலுரிந்து சட்டத்தைத் தொடுகிறது. மூன்று சாய்வுகளில் முக்கால் வண்டியைச் சோதித்தாயிற்று. ஆம்மீட்டரும் அதே சுற்றில் கோத்த ஒன்று. அதன் பின்புற நட்டு தளர்ந்து, நாடி பார்க்கும் கருவியே நோயாகிப்போவதும் உண்டு.

அறுபட்ட இடத்துக்கு முதல் ஐயம் ஸ்டியரிங் கழுத்தின் மேல்தான். பேட்டரியிலிருந்து ஆம்மீட்டருக்குப் போகும் ஒயர்களும் திரும்பும் ஒயர்களும் அங்கேதான் வளைகின்றன. கைப்பிடி திரும்பும் ஒவ்வொரு முறையும் அவையும் வளையும். மேலுறை புதிதாகவே இருக்கும். உள்ளே செம்பிழைகள் ஒவ்வொன்றாக இற்றுப்போயிருக்கும். விளக்கைப் போட்டுக் கைப்பிடியை இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குத் திருப்பினால் விளக்கு கண் சிமிட்டும். ஒற்றை இழை மிஞ்சிய ஒயரில் மல்டிமீட்டர் முழு வோல்ட்டையும் காட்டும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே எடுக்காதது. அதற்கு ஓரிழை போதும். அதே இடத்தில் ஒரு விளக்கு பல்பைக் கட்டிப் பார்த்தால் அழுது வடியும். பட்டறைக்காரர்கள் மீட்டரை நம்பாமல் டெஸ்ட் பல்பைத் தேடுவது அறியாமையாலன்று.

குலுக்கலுக்கு அகப்படாமல் வெப்பத்துக்கு மட்டும் வெளிப்படும் கோளாறு இன்னும் பொல்லாதது. கண்டென்சரோ காயிலோ உள்ளே பழுதாகியிருந்தால் அரைமணி நேரம் ஓடிச் சூடான பின்பே எஞ்சின் நிற்கும். கால்மணி ஆறவிட்டால் கிளம்பும். குளிர்ந்த வண்டியை எத்தனை முறை சோதித்தாலும் பயனில்லை. கார்புரேட்டர் சுத்தமாகும், பிளக் புதிதாகும், பெட்ரோல் குழாய் மாறும். குற்றவாளி அப்படியே இருக்கும். வண்டிக்காரர் கைக்காசை இழப்பதோடு, உழைத்த மெக்கானிக்கின் மேலுள்ள நம்பிக்கையையும் இழப்பார்.

1974இல் வெளிவந்த ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென் அண்ட் த ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' நூலை நண்பர்கள் பலரும் படித்திருப்பீர்கள். தத்துவப் பகுதிகளைப் பற்றிப் பேசுபவர்கள், வண்டி பழுதுபார்ப்பவனின் ஊக்கத்தை உறிஞ்சும் பொறிகளை அவர் வரிசைப்படுத்தும் பகுதியை விட்டுவிடுகிறார்கள். அதில் விட்டுவிட்டு வரும் மின்கோளாறுக்கும் ஓர் இடமுண்டு. சரிசெய்யக் கைவைக்கும் வேளையில் தானே சரியாகிவிடும் பழுது மனிதனைச் சோர வைக்கிறது என்பதை அவர் கண்டிருந்தார். அவர் 1968இல் மகனோடு பயணம் போனது ஒரு ஹோண்டாவில்; அவ்வண்டி இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஹோண்டா சிபி 750 வெளிவந்தது அதற்கடுத்த ஆண்டு, 1969இல். பட்டனை அழுத்தினால் கிளம்பும் நான்கு சிலிண்டர் எஞ்சின், ஆங்கிலேய இரட்டைகளோடு ஒப்பிட மிகக் குறைந்த அதிர்வு. ஜப்பானியர் பொறியையும் விளக்கையும் பிரித்து வைக்கவில்லை. இணைப்புகளை ஒழுங்காகச் செய்தனர், அவ்வளவே. லூகாஸ் வேடிக்கைகள் அதன் பிறகு இன்னும் உரக்கக் கேட்கத் தொடங்கின.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தது முதல் புதிய இருசக்கர வண்டிகள் தம் மின்சுற்றுகளில் நேரும் அறுபடலையும் குறுக்குச்சுற்றையும் தாமே கண்காணித்துக் குறித்துவைக்கின்றன. பட்டறைக்கு வருமுன் மறைந்துபோகும் கோளாறும் தன் எண்ணை விட்டுச் செல்கிறது. அந்த எண் எந்தச் சுற்று என்று சொல்லும். எந்த அங்குலம் என்று சொல்லாது. அதற்கு இன்றும் மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, கைப்பிடியை இப்பக்கமும் அப்பக்கமும் திருப்பி, ஸ்டியரிங் கழுத்தருகே ஒயர்க் கற்றையை விரலால் நெருடிக்கொண்டுதான் இருக்கிறார்.