அறிவித்தலும் வாழ்தலும்: அபே துபுவா விட்டுச்சென்ற வழக்கு

சுவிசேஷத்தை வாயால் அறிவிப்பதா, வாழ்க்கையால் காட்டுவதா என்பது நம் சபைகளில் ஓயாத கேள்வி. இக்கட்டுரை அதற்கான விடையை இதே மண்ணில் உழைத்த ஒருவரின் வரலாற்றில் தேடுகிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் (2:8) பவுல், சுவிசேஷத்தை மட்டுமல்ல, தம் உயிரையே அவர்களுக்குக் கொடுக்க மனதாயிருந்ததாகச் சொல்கிறார். இங்கே முதலாவது, இரண்டாவது என்ற தராதரம் இல்லை. கொடுக்கப்பட்டது ஒரே கொடைதான். அதை இரண்டாகப் பிளந்தால் இரண்டு பாதியுமே வாடிப்போகும் என்பதே என் வாதம்.

1792-இல் இந்தியா வந்த பிரெஞ்சுக் குருவானவர் அபே துபுவா, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் மைசூர் நாட்டில் சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைத் தேடிச் சென்றவர். பெங்களூர் சிவாஜிநகர் மரியன்னை ஆலயத்தின் முன்னோடியான கூரை வேய்ந்த சிற்றாலயம் 1803-இல் அவர் எழுப்பியது. ஹாசனை அடுத்த சத்தள்ளியில் ஏழை விசுவாசிகளுக்கு உழவுக் குடியிருப்பு அமைத்ததும் அவரே. ஆனால் நான் அதிகம் நின்று பார்க்க விரும்புவது 1803–04-இல் அவர் முன்நின்று நடத்திய அம்மை குத்தும் பணியை. ஜென்னர் கண்டறிந்த அம்மைத் தடுப்பு மருந்து பம்பாய்க்கு வந்து சேர்ந்ததே 1802-இல்தான். அன்று குளிர்பெட்டி ஏது? அம்மை குத்திய குழந்தையின் கையில் எட்டாம் நாள் திரண்டிருக்கும் கொப்புளத்து நீரை எடுத்து, அடுத்த குழந்தையின் கையைக் கீறி உள்ளே செலுத்துவார்கள். கைக்குக் கை செல்லும் அந்தத் தொடர் அறுந்தால் மருந்தே இல்லை. அம்மையை மாரியம்மனின் வருகையாகவே கருதிய மக்களிடையே, ஒரு தாய் தன் பிள்ளையின் கையை நீட்டிப் பிடிக்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! அவர்களைப் போலவே உடுத்தி, அவர்கள் உண்பதையே உண்டு, ‘தொட்ட சுவாமி’ என்று அவர்களே அழைக்கும்படி வாழ்ந்த ஆண்டுகள் ஈட்டித் தந்த நம்பிக்கை அது.

அப்படிப்பட்டவர்தான் 1823-இல் ஐரோப்பா திரும்பி, இந்துக்களை மனந்திருப்ப மனித முயற்சியால் வழியே இல்லை என்று கடிதங்களாக ஒரு நூல் வெளியிட்டார். பாளையங்கோட்டையில் சேப்ளினாக இருந்த ஜேம்ஸ் ஹஃப், திருநெல்வேலிச் சபைகளைச் சான்றாகக் காட்டி 1824-இல் மறுப்பு எழுதினார். துபுவா ஊழியம் செய்த மைசூர் நாட்டிலேயே, தமிழ் வேதத்தை வாசித்து மனம் மாறிய சாமுவேல் ஃபிளேவல் அப்போது சபை கூட்டிக்கொண்டிருந்தார். பின்னர் பெல்லாரியில் 1847-இல் மரிக்கும்வரை அவர் போதகர். இவை வலுவான மறுப்புகளே. ஆனாலும் துபுவாவின் பிழை மனம் மாறியோரின் எண்ணிக்கையில் இல்லை, அவர்களை எண்ணத் துணிந்ததில் இருக்கிறது. விதைத்தவன் தூங்கி எழ, விதை அவன் அறியாமலே முளைக்கிறது என்கிறதே மாற்கு 4:26-28! இந்து சமூக வழக்கங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் (1816) பல இடங்களில் அம்மக்களை இகழ்ந்து பேசுவதையும் மறைப்பதற்கில்லை. கேட்பவரை இகழ்கிறவர் தம் பேச்சில் பலன் காணாமற்போவதில் வியப்பென்ன? வாழ்க்கையில் மதித்தவர்களை அவர் எழுத்தில் மதிக்கவில்லை. பிளவு அங்கேதான் விழுந்தது.

நல்வாழ்வே போதும், வார்த்தை எதற்கு என்பார் உண்டு. போதனையின்றி நடக்கையினாலேயே ஆதாயப்படுத்தலாம் என்னும் 1 பேதுரு 3:1-ஐ அவர்கள் காட்டுவார்கள். ஆனால் அதே அதிகாரம் 15-ஆம் வசனத்தில், நம்பிக்கையின் காரணத்தைக் கேட்பவர்க்குச் சாந்தத்தோடு உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கவும் கற்பிக்கிறது. பேசாத நன்மையின் புகழ் செய்தவனுக்கே போய்ச் சேரும். கிறிஸ்துவின் பெயரைச் சொன்னால்தான் அது உரியவரைச் சேரும். தொண்டு என்பது மதமாற்றத்துக்கான தூண்டில் என்பது மற்றொரு குற்றச்சாட்டு. இது எளிதாகத் தள்ளத்தக்கதல்ல. ஏதேனும் ஒரு நன்மையை ஞானஸ்நானத்தோடு முடிச்சுப் போட்டவர்கள் இருந்தால், அவர்கள் சுவிசேஷத்தையே விற்றவர்கள். அம்மை குத்த ஞானஸ்நானம் நிபந்தனை ஆகவில்லை. நல்லோர்மேலும் தீயோர்மேலும் ஒன்றுபோல் மழை பெய்விக்கும் பிதாவின் (மத்தேயு 5:45) வழியும் அதுவே. நம் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அதில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தபோது நம்மவர் பலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்துக்குச் சட்ட நியாயம் இருக்கலாம். ஆனால் விளையச் செய்வது தேவன் ஒருவரே என்ற பவுலின் போதனைப்படி (1 கொரிந்தியர் 3:6-7), மனந்திருப்புவது எந்நாளும் நம் உரிமையாக இருந்ததில்லை. எடுத்துரைப்பது மட்டுமே நம் கடன்.

ஆகவே அன்பர்களே, ஊழிய அறிக்கைகளில் தொகையை முன்னே வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். யாரிடம் பேசப் போகிறோமோ அவர் மொழியையும் அவர் வீட்டுத் துயரத்தையும் முதலில் கற்போம். பெங்களூர்த் தமிழ்ச் சபைகளுக்கு அது கன்னடத்தைத் திருத்தமாகக் கற்பதிலிருந்தே தொடங்குகிறது.