ஒளியால் பிடித்த உயிர்

வால்நட்சத்திரத்தின் வால் கதிரவனுக்கு எதிர்ப்புறமாக நீள்வது, ஒளி அதனைத் தள்ளுவதாலேயே என்று கெப்ளர் 1619-ஆம் ஆண்டில் கருதினார். அத்தள்ளும் ஆற்றல் மிகச் சிறிது. 1960-இல் லேசர் பிறந்த பின்னரே அதனைப் பயன்கொள்ள வழி ஏற்பட்டது.

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆர்தர் ஆஷ்கின் என்பார், 1970-இல் லேசர் ஒளியால் நுண்மணிகளை நகர்த்திக் காட்டினார். 1986-இல் ஒரே கதிரைக் குவித்து, அம்முனையில் அவற்றைப் பிடித்தும் நிறுத்தினார். அடுத்து, உயிருள்ள பாக்டீரியாக்களைப் பிடித்தார். அந்தோ! பச்சை ஒளியில் அவை மடிந்தன. பிடித்த பொருள் இறந்துபடுமானால் உயிரியலுக்கு என்ன பயன்?

ஆதலின், உயிரணுக்கள் மிகக் குறைவாகவே உட்கொள்ளும் அகச்சிவப்பு ஒளியை 1987-இல் கையாண்டார். பாக்டீரியாக்கள் பிழைத்தன, அப்பிடிக்குள்ளேயே பெருகவும் செய்தன. உயிருக்கு ஏற்ற ஒளியைத் தேர்ந்தமையே அவ்வெற்றிக்குக் காரணம். 2018-இல், தமது 96-ஆம் வயதில், ஆஷ்கின் நோபல் பரிசு பெற்றார்.