இன்சுலினைக் காத்த வரலாறு

மருத்துவ வரலாற்று நூல்கள் பலவும் இன்சுலினின் கதையை 1921 ஆம் ஆண்டுக் கோடையில் ரொறன்ரோப் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் தொடங்கி, 1923 ஆம் ஆண்டின் நோபெல் பரிசோடு முடித்துவிடுகின்றன. பான்ரிங், பெஸ்ற் என்னும் இரு இளைஞரின் விடாமுயற்சியே அக்கதையின் உயிர். அவர்தம் பெருமையைக் குறைப்பது எமது நோக்கமன்று. ஆயினும், கண்டெடுத்த பொருளை அதன் வீரியம் கெடாது வைத்திருப்பது எங்ஙனம் என்னும் வினா, கண்டுபிடிப்பிற்கு முன்னரே தோன்றி, அதன் பின் ஒரு நூற்றாண்டு காலமும் தொடர்ந்து வந்துள்ளது. கண்டவர்களுக்குப் புகழ் கிடைத்தது. காத்தவர்களின் பெயர்களோ பெரும்பாலும் தொழிற்சாலைக் குறிப்பேடுகளுக்குள் அடங்கிப்போயின.

இன்சுலின் ஒரு பெப்ரைட்டு ஓமோன். அது 51 அமினோ அமிலங்கள் இரு சங்கிலிகளாக இணைந்து உருவானது என்பதை, கேம்பிரிட்ஜில் சாங்கர் நிகழ்த்திய ஆய்வுகள் 1955 அளவில் தெளிவாக்கின. இத்தகைய பொருள் உப்பைப் போலவோ கந்தகத்தைப் போலவோ போத்தலில் இட்டு மறந்துவிடக்கூடியதன்று. நொதியங்கள் அதனை வெட்டும். வெப்பம் அதன் பகுதிகளை மாற்றும். ஓயாத குலுக்கல் அதன் மூலக்கூறுகளை நார்களாகத் திரளச் செய்யும். குளிர் நல்லதே எனினும், உறைதல் கேடு விளைவிக்கும்.

முதற் பகை சதையியினுள்ளேயே இருந்தது. இன்சுலினைச் சுரக்கும் அவ்வுறுப்பே புரதத்தைச் சமிக்கச் செய்யும் நொதியத்தையும் ஆக்குகின்றது. முன்னைய ஆய்வாளர் பலர் தோற்றமைக்கு இதுவே காரணமெனப் பான்ரிங் கருதினார். ஆகவே நாய்களின் சதையிக் கானைக் கட்டி, நொதியம் சுரக்கும் பகுதியை அழியவிட்டு, எஞ்சியதிலிருந்து சாற்றை எடுக்க முனைந்தார். இவ்வளவு பாடு தேவையற்றது என்பது அந்த ஆண்டு முடியுமுன்னரே புலனாயிற்று. கொல்களத்திலிருந்து பெற்ற மாட்டுச் சதையியை அமிலஞ் சேர்ந்த அற்ககோலில் இட்டாலே நொதியம் அடங்கிவிடும். இன்சுலின் கரைசலில் தங்கும். பான்ரிங்கின் எண்ணம் உடற்றொழிலியல் நோக்கிற் பிழையாயினும், சிக்கல் பொருளைக் காப்பதிலேயே உள்ளது என்று அவர் கண்டது சரியே.

1922 சனவரி 11 ஆம் நாள், லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு ஏற்றப்பட்ட சாறு போதிய பயன் தரவில்லை. ஊசி ஏற்றிய இடத்திற் கட்டியும் தோன்றியது. அதன் பின் கொலிப் என்னும் உயிரிரசாயனவியலாளர் அற்ககோலின் செறிவைப் படிப்படியாக உயர்த்தி, ஏனைய புரதங்களை முதலிற் படியவிட்டு, ஏறத்தாழ 90 வீதத்திற்கு மேல் இன்சுலினைப் படியச் செய்தார். சனவரி 23 இல் அச்சாறு பலித்தது. ஆனால் இதன் பின் நிகழ்ந்ததைப் பாடநூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. பேரளவில் ஆக்க முனைந்தபோது கொலிப்பின் முறை கைவிட்டுப் போயிற்று. அதே மனிதர் தாம் செய்ததையே மீண்டும் செய்ய இயலாது வாரக்கணக்கில் தவித்தார். வார்டுகளில் நோயாளர் காத்திருக்க, மருந்தோ இல்லை. அவ்விளவேனிலில் முறை மீட்கப்பட்டபோதும், அதன் பலவீனம் எத்தகையது என்பதை அனைவரும் உணர்ந்துவிட்டனர்.

1922 மே மாத இறுதியில் ரொறன்ரோப் பல்கலைக்கழகம் இந்தியானாபொலிஸ் நகரத்து எலி லில்லி நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. தொழிற்சாலையில் உற்பத்தி பெருகிற்று. எனினும் போத்தல்களில் இருந்த மருந்து நாட்செல்ல வீரியம் குன்றியது. இதன் விபரீதத்தைச் சற்றே எண்ணிப்பார்த்தல் வேண்டும். வீரியம் குன்றிய மருந்தை வழமையான அளவில் ஏற்றினால் நோயாளிக்குப் பயனில்லை. அளவைக் கூட்டிப் பழகிய பின் புதிய போத்தல் ஒன்றைத் திறந்தால், குருதியில் வெல்லம் சடுதியாகத் தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும். கெட்டுப்போன மருந்திலும் நிலையில்லாத மருந்து கொடியது என்றே கூறத்தோன்றுகின்றது.

இதற்கு விடை கண்டவர் அந்நிறுவனத்து இரசாயனவியலாளரான ஜோர்ஜ் வோல்டன். கரைசலின் அமிலத்தன்மை ஒரு குறித்த நிலையை, அதாவது பி.எச். 5 இற்குச் சற்று மேற்பட்ட நிலையை, அடையும்போது இன்சுலின் மூலக்கூற்றின் நேர், எதிர் மின்னேற்றங்கள் சமப்படுகின்றன. அந்நிலையில் அது மிகக் குறைவாகவே கரைந்து கீழே படிகின்றது. 1922 இன் இறுதிப் பகுதியில் இவ்வழியால் வோல்டன் பெற்ற மருந்து, முன்னையதினும் பன்மடங்கு தூயது. நெடுநாள் வீரியம் கெடாததுமாகும். ஏறக்குறைய அதே காலத்தில் சென் லூயிஸ் நகரிலும் ஷாபர் முதலியோர் இதே முடிவிற்குத் தனித்து வந்தனர். நோபெல் பரிசைப் பான்ரிங் பெஸ்ற்றோடும், மக்லியொட் கொலிப்போடும் பகிர்ந்துகொண்டமை யாவரும் அறிந்தது. அப்பங்கீட்டில் வோல்டனுக்கு இடமிருக்கவில்லை.

அளவை நிலைநிறுத்துவதும் காத்தலின் ஒரு கூறேயாகும். தொடக்கத்தில் ஓர் அலகு என்பது பட்டினியிட்ட முயலின் குருதி வெல்லத்தைக் குறித்த அளவிற்குத் தாழ்த்தும் மருந்தின் அளவாக இருந்தது. முயலுக்கு முயல் அது வேறுபட்டது. இலண்டனில் ஹென்றி டேல் முதலியோர், உலர்ந்த இன்சுலின் தூளொன்றைக் கெடாது பேணி, அதனோடு ஏனையவற்றை ஒப்பிடுவதே வழியென வாதிட்டனர். 1925 இல் முதலாவது சர்வதேச நியமம் அவ்வாறே நிறுவப்பட்டது. அத்தூளில் ஒரு மில்லிகிராமுக்கு 8 அலகு. தூய மனித இன்சுலினில் அது ஏறத்தாழ 28. நீர் அகன்றவிடத்துப் பெப்ரைட்டின் சிதைவு மிக மெதுவாகும் என்ற உண்மையே இந்நியமத்தின் அடித்தளம்.

1926 இல் ஏபல் இன்சுலினைப் பளிங்காக்கினார். அப்பளிங்குருவாக்கத்திற்கு நாகம் வேண்டும் என்பதை 1934 இல் ஸ்கொட் காட்டினார். நாகத்தைச் சூழ ஆறு மூலக்கூறுகள் ஒன்றாய்த் திரண்டிருக்கும் அமைப்பை 1969 இல் டொரதி ஹொட்ஜ்கின் வெளியிட்டபோதுதான், அவ்வுலோகம் மருந்தை நிலைப்படுத்தும் காரணமும் விளங்கிற்று. கிருமி தடுக்கச் சேர்த்த பீனோல் கூட இத்திரளை இறுக்கிப் பிடிப்பது எதிர்பாராத நன்மையாகும்.

இவ்வளவு முன்னேற்றத்தின் பின்னும் ஒரு கட்டளை மாறாது நின்றது: திறவாத மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் இருத்தல் வேண்டும், பயன்பாட்டிலுள்ள போத்தலை அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரமே வைத்திருக்கலாம். குளிர்சாதனப் பெட்டியுள்ள வீட்டாருக்கு இது பாரமன்று. ஆனால் கெனியாவின் டகஹலே அகதி முகாமில், வீட்டில் அப்பெட்டி இல்லாத காரணத்தால் நோயாளர் ஊசிக்காக நாள்தோறும் மருத்துவமனைக்கு நடக்க வேண்டியவராயினர். மருந்து இருந்தது, அதை வைக்க இடமில்லை.

இந்நிலையில் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தாரும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினரும் நடத்திய ஆய்வு 2021 இல் வெளிவந்தது. முகாம் வீடுகளில் உள்ளவாறே பகலில் 37 பாகை வரை ஏறி, இரவில் 25 பாகைக்கு இறங்கும் வெப்பநிலையில் மருந்து நான்கு வாரம் வைக்கப்பட்டது. இரசாயன அளவீட்டாலும் கலங்களின்மீதான செயற்பாட்டாலும் சோதித்தபோது, வீரிய இழப்பு ஒரு வீதத்தை விஞ்சவில்லை. முன்னைய சோதனைகள் பெரும்பாலும் மாறாத ஒரே வெப்பநிலையில் நடந்தவை. இரவின் குளிர்ச்சி அவற்றின் கணக்கில் வரவில்லை. வெப்ப நாடுகள் பலவற்றில் ஈர மண்பானையில் இன்சுலினை வைக்கும் வழக்கம் உண்டு. நீர் ஆவியாதலால் பானை குளிர்வது நம்மவர்க்குப் புதிதன்று. உறைய விடாத அளவான குளிரைத் தருவது அதன் தனிச்சிறப்பு.

இம்முடிவு நான்கு வாரத்திற்கும் சோதித்த வகைகளுக்குமே உரியது. சேமிப்பிலுள்ள திறவாத மருந்து இன்றும் குளிரிலேயே வைக்கப்படுகின்றது. எனினும் நான்கு வார மருந்தை வீட்டிற்குக் கொடுத்தனுப்பலாம் எனின், அம்முகாம் நோயாளி நாள்தோறும் நடந்த வழியை மாதத்தில் ஒருமுறை நடந்தால் போதும்.